சிஎம்எஸ்-03 மேலே போய்விட்டது, சரி. ஸ்டார்லிங்க் காலத்தில் கடற்படைக்குத் தனிச் செயற்கைக்கோள் எதற்கு?

மெரினா வாசி (நவம்பர் 3, 2025)

நேற்று மாலை 5.26-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 எம்5 ராக்கெட்டில் சிஎம்எஸ்-03 கிளம்பியது. எடை 4,410 கிலோ. இந்திய மண்ணிலிருந்து புவிநிலை மாற்றுப் பாதைக்கு (36,000 கி.மீ. நிலைக்கு ஏறுமுன் விடப்படும் இடைப்பாதை) ஏவப்பட்ட தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களில் இதுதான் கனமானது. இஸ்ரோ இதைப் பல அலைவரிசைச் செயற்கைக்கோள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. கடற்படைதான் ஜிசாட்-7ஆர் என்று பெயர் சொல்லி, இது தங்களுக்கானது என்று வெளிப்படையாக அறிவித்தது.

என் கேள்வி எளிது. இன்று சரக்குக் கப்பல்களும் உல்லாசக் கப்பல்களும் ஸ்டார்லிங்க் (தாழ்வாகச் சுற்றும் ஆயிரக்கணக்கான சின்னச் செயற்கைக்கோள்கள் வழி இணையம்) தட்டை மாட்டிக்கொண்டு நடுக்கடலில் வீடியோ பார்க்கின்றன. 36,000 கி.மீ. உயரத்தில் ஒற்றைச் செயற்கைக்கோளை நிறுத்தி அதை நம்பியிருப்பது பழைய யோசனை இல்லையா? தேசப்பற்று வசனம் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்கோனி

நான் வணிகக் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவன், கடற்படை இல்லை. ஆனாலும் தொழில் ஒன்றுதான், கொஞ்சம் சொல்லலாம்.

எங்கள் காலத்தில் எல்லாமே ஹெச்எஃப், அதாவது சிற்றலை ரேடியோ. பகலில் 12, 16 மெகாஹெர்ட்ஸ், பொழுது சாய்ந்தால் 4, 6, 8. அந்தி நேரத்தில் கரை நிலையம் திடீரென்று காணாமல் போகும். கைப்பிடியைத் திருப்பித் திருப்பி வேறு அலைவரிசை தேடவேண்டும். ஒரு செய்தி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆன நாளும் உண்டு. பிறகு கப்பல்களுக்கான செயற்கைக்கோள் சேவை இன்மார்சாட் வந்தது, எங்களுக்குப் பெரிய நிம்மதி. இந்தியக் கடற்படையும் 2013 வரை பெரும்பாலும் இன்மார்சாட்டைத்தான் வாடகைக்கு எடுத்து ஓட்டியது. அயல்நாட்டு நிறுவனத்தின் கம்பி வழியாக ஒரு போர்க்கப்பல் தன் தலைமையகத்தோடு பேசுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2013 ஆகஸ்ட் 30 அதிகாலை, நம் நேரப்படி, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன்-5 ஜிசாட்-7-ஐக் கொண்டுபோனது. அதுதான் ருக்மிணி. சுமார் 2,650 கிலோ. யுஹெச்எஃப், எஸ், சி, கேயு என நான்கு அலைவரிசைகள். அடுத்த ஆண்டு நடந்த கடற்படையின் பெரிய போர்ப்பயிற்சியான ட்ரோபெக்ஸில் அறுபது கப்பல்களையும் எழுபத்தைந்து விமானங்களையும் ஒரே வலையில் சேர்த்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு கப்பலின் ரேடார் பார்ப்பதை நூறு மைல் தள்ளியிருக்கும் இன்னொரு கப்பல் தன் திரையில் பார்க்கலாம். ஹெச்எஃப் காலத்து ஆட்களுக்கு அது மாயாஜாலம்.

ஆனால் மெரினா தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வேகத்தில் இல்லை. போர்க்கப்பலுக்குச் செயற்கைக்கோள் முதலில் கேட்பதற்கு, பேசுவதற்கு அல்ல. பேசினால் இருப்பிடம் தெரிந்துவிடும். தலைமையகம் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கப்பல் எதையும் அனுப்பாமல் அதில் தனக்கானதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் கடற்படை ஒலிபரப்பு. அமெரிக்கர்கள் 1978-இல் ஏவத் தொடங்கிய ஃபிளீட்சாட்காம் செயற்கைக்கோள்களில் முதல் வாய்க்காலையே (சேனல்) இதற்காக ஒதுக்கினார்கள். எதிரி குழப்ப (ஜாம் செய்ய) முடியாதபடி கரையிலிருந்து மேலே போகும் பாதையை மட்டும் உயர் அலைவரிசையில் வைத்து, கீழே யுஹெச்எஃப்-ஆக இறக்கினார்கள். ஸ்டார்லிங்க் தட்டு வேலை செய்யவேண்டுமானால் அது மேலே அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். வித்தியாசம் அங்கேதான்.

விடாக்கண்டன்

மார்கோனி சார், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிஜத்தில் மாலுமிகள் எதை விரும்புகிறார்கள் என்று பாருங்கள். 2023-இல் யுஎஸ்எஸ் மான்செஸ்டர் என்ற அமெரிக்கக் கப்பலில் மூத்த சீஃப்கள் (அதிகாரி அல்லாத மூத்த மாலுமிகள்) சிலர் சேர்ந்து, கேப்டனுக்கே தெரியாமல் மேல்தளத்தில் ஸ்டார்லிங்க் தட்டை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பசிபிக்கில் சுற்றினார்கள். வைஃபைக்கு வைத்த பெயர் 'ஸ்டிங்கி'. உலகத்திலேயே அதிகப் பணம் கொட்டி ராணுவச் செயற்கைக்கோள் வைத்திருக்கும் கடற்படையின் நிலைமை இது!

மார்கோனி

அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். அது பிடிபட்டதே, அனுமதியோடு வேறொரு சாதனத்தைப் பொருத்த வந்த தொழில்நுட்ப ஆள் மேலே ஏறியபோது இந்தத் தட்டைப் பார்த்ததால்தான். தலைமை தாங்கியவர் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். மாலுமி வீட்டுக்குப் பேச, மேட்ச் பார்க்க வேகமான இணையம் வேண்டும், நியாயமான ஆசை. அமெரிக்கக் கடற்படையே இப்போது முறைப்படி சில கப்பல்களில் அதைத் தருகிறது. ஆனால் சண்டை நேரத்தில் முதலில் அணைக்கப்படுவதும் அதுதான்.

சரித்திரக்கிறுக்கன்

"பேசினால் தெரிந்துவிடும்" என்று மார்கோனி சொன்னதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேசினால் நமக்கே காது கேட்காமல் போகலாம்.

1982 மே 4, ஃபாக்லாந்துப் போர். எச்எம்எஸ் ஷெஃபீல்ட் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கருவியின் அலை, எதிரி ரேடாரை முகர்ந்து எச்சரிக்கும் கருவிக்கு இடைஞ்சல். அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எடென்டார்ட் விமானங்கள் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட் ஏவுகணைகளை விட்டன. ஷெஃபீல்டில் 20 பேர் இறந்தார்கள். சில நாட்களில் கப்பலும் மூழ்கியது. அதற்குப் பிறகு கப்பல் கட்டுகிறவர்கள் எந்த ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் எது இருக்கலாம் என்பதை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

விடாக்கண்டன்

பாதி உண்மை. விசாரணை அறிக்கை முழுதாக 2017-இல் வெளிவந்தது. வான் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி அந்த நேரத்தில் செயல் அறையிலேயே இல்லை. பக்கத்திலிருந்த கிளாஸ்கோ கப்பல் எதிரி ரேடாரைக் கண்டுபிடித்து எச்சரித்தது, அதை மேலே யாரும் நம்பவில்லை. செயற்கைக்கோள் மேல் பழியைப் போடுவது வசதியான கதை.

சரித்திரக்கிறுக்கன்

வசதியான கதைதான், ஆனால் பொய்யில்லை. ஆட்கள் அசந்திருந்தார்கள், கருவியும் செவிடாகியிருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் கொஞ்சமாவது நேரம் கிடைத்திருக்கும். இதை இழுத்தால் இழை திசைமாறும், விடுகிறேன்.

அலைவரிசை

யுஹெச்எஃப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. ஜிசாட்-7 வரிசையின் உயிரே அதுதான் என்பது என் கருத்து.

ராணுவ யுஹெச்எஃப் 300 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். அலையின் நீளம் ஒரு மீட்டர் அளவு. அதனால் கப்பலில் தட்டு வேண்டியதில்லை. சின்ன ஆன்டெனாவை ஏறத்தாழ மேலே பார்க்க வைத்தால் போதும். கப்பல் எப்படி உருண்டாலும் தொடர்பு அறுபடாது. மழை, மேகம் எதுவும் உறைக்காது. விமானத்தில், ஏன், ஒருவர் முதுகில் சுமக்கும் பெட்டியிலும் வேலை செய்யும். கேயு பட்டை அப்படியில்லை. வெள்ளைக் குமிழுக்குள் ஒரு தட்டு, அதை மோட்டார்கள் நொடிக்கு நொடி திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். நம் கடலில் இன்னொரு தலைவலி: ருக்மிணி 74 டிகிரி கிழக்கில் நிற்கிறது. மாலத்தீவுப் பக்கம் போனால் அது கிட்டத்தட்ட நேர் உச்சியில். உச்சிக்கு அருகில் இருக்கும் புள்ளியைச் சாதாரண இரண்டு அச்சுத் தாங்கியால் பின்தொடர முடியாது. கப்பல் லேசாக ஆடினாலே தட்டு சுழன்றடிக்கும். அதனால் மூன்றாவது அச்சு தேவைப்படுகிறது. கப்பல் படங்களில் கொடிமரத்துக்கு இருபுறமும் இரண்டு குமிழ் இருப்பதும் சும்மா அழகுக்கு இல்லை, ஒன்றைக் கொடிமரம் மறைக்கும்போது மற்றது பார்க்கும்.

யுஹெச்எஃப்-இன் குறை என்ன? வாய்க்கால் ரொம்பக் குறுகியது. பழைய அமைப்பில் 5 அல்லது 25 கிலோஹெர்ட்ஸ்தான். குரலும் குறுஞ்செய்தியும் போகும், வீடியோவெல்லாம் கனவு. ஆகவே ஒரே செயற்கைக்கோளில் இரண்டையும் வைக்கிறார்கள். கட்டளைக்கு யுஹெச்எஃப், ரேடார் படத்துக்கும் வீடியோவுக்கும் கேயு.

மெரினா வாசி

இது எனக்குப் புதிது, நன்றி. குழப்புவது எவ்வளவு சுலபம்? யுஹெச்எஃப்-க்குச் சின்ன ஆன்டெனா போதும் என்றால் எதிரிக்கும் அதுவே போதும்தானே?

அலைவரிசை

சரியாகப் பிடித்தீர்கள். ரொம்ப ருசியான உதாரணம் பிரேசிலில் இருக்கிறது.

ஃபிளீட்சாட்காமில் பல வாய்க்கால்கள் வெறும் எதிரொலிப்பான்கள். கீழிருந்து எது வந்தாலும் அலைவரிசையை மாற்றிப் பெரிதாக்கித் திருப்பி அனுப்பும்; யார் பேசுகிறார்கள் என்று பார்க்காது. கல்யாண வீட்டு மைக் மாதிரி, கையில் எடுத்தவன் பேசலாம். இதைக் கண்டுபிடித்த பிரேசில் லாரி ஓட்டுநர்களும் மரம் வெட்டுகிறவர்களும் சாதாரண அமெச்சூர் ரேடியோவைக் கொஞ்சம் மாற்றி, அமேசான் காட்டுக்குள்ளிருந்து அமெரிக்கக் கடற்படையின் செலவில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபுட்பால் ஸ்கோர்கூடப் போனது. 2009 மார்ச்சில் பிரேசில் கூட்டாட்சிப் போலீஸ் ஒரே நடவடிக்கையில் 39 பேர் மீது கை வைத்தது. அமெரிக்கர்களால் மேலே இருக்கும் பெட்டியைத் திருத்த முடியவில்லை, கீழே ஆளைத்தான் தேடவேண்டி வந்தது.

லாரி ஓட்டுநரே இவ்வளவு செய்தால் ஒரு நாட்டின் ராணுவம் சும்மா இருக்குமா? அதனால்தான் மிக முக்கியக் கட்டளைகளுக்கு அமெரிக்கர்கள் 44 கிகாஹெர்ட்ஸில் மேலே போகும் தனி அமைப்பை வைத்தார்கள். ஊசிக் கற்றை, நொடிக்குப் பலமுறை தாவும் அலைவரிசை, செயற்கைக்கோளே செய்தியைப் பிரித்துச் சரிபார்க்கும். செலவோ மலை. நம் செயற்கைக்கோளில் குழப்பலைத் தாங்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

மணிமுத்தாறு

நான் திருநெல்வேலி மாவட்டம். எங்கள் பக்கம் நாங்குநேரியைத் தாண்டிப் போனால் விஜயநாராயணத்துக் கோபுரங்கள் தூரத்திலிருந்தே தெரியும். கடற்படையின் ரேடியோ நிலையம், ஐஎன்எஸ் கட்டபொம்மன். சுமார் 470 மீட்டர் உயரம், இந்தியாவிலேயே இதற்கு மேல் உயர்ந்த கட்டமைப்பு கிடையாது. இரவில் சிவப்பு விளக்குகள் அடுக்கடுக்காக எரியும். ஊரில் புதிதாக வந்தவர்கள் டிவி டவர் என்று நினைப்பார்கள்.

என் கேள்வி: செயற்கைக்கோள் இருக்கும்போது அந்தக் கோபுரம் இன்னும் எதற்கு? இப்போது தெலங்கானாவில் விகாராபாத் பக்கம் இன்னொன்று கட்ட 2024 அக்டோபரில் அடிக்கல் வேறு நாட்டினார்களே?

மார்கோனி

நீர்மூழ்கிக்கு, அண்ணே. கடல்நீரில் உப்பு இருக்கிறது, மின்சாரம் கடத்தும். செயற்கைக்கோளின் அலை மேற்பரப்பிலேயே செத்துவிடும். கட்டபொம்மன் பயன்படுத்தும் மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் தண்ணீருக்குள் சில பத்து மீட்டர் இறங்கும். அலையின் நீளமே பல கிலோமீட்டர், அதனால்தான் அவ்வளவு உயரக் கோபுரம். வேகம் படுமோசம், மெதுவாக எழுத்துச் செய்தி மட்டும் போகும். ஆனால் ஆழத்தில் இருக்கும் படகுக்கு, "மேலே வந்து செயற்கைக்கோளைக் கேள்" என்று சொல்ல அது போதும்.

பிறகு படகு பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து ஒரு மாஸ்டை (ஆன்டெனாக் கம்பி) நீட்டி, யுஹெச்எஃப்-இல் வேண்டியதை வாங்கிக்கொண்டு கீழே போய்விடும். அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம். தண்ணீருக்கு மேலே நீட்டிய ஒரு கம்பியை நல்ல ரேடார் பார்த்துவிடும். ஆக உங்கள் ஊர்க் கோபுரமும் செயற்கைக்கோளும் போட்டி இல்லை, ஒன்று கூப்பிட மற்றது பேசும்.

காந்தமானி

யுஹெச்எஃப்-க்கு மழை உறைக்காது என்று அலைவரிசை சொன்னது உண்மை. ஆனால் நம் கடலில் அதற்கு வேறொரு சத்துரு உண்டு, அதைப் பேசாமல் விடக்கூடாது.

புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவைத் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் அதுதான். மணிமுத்தாறு, உங்கள் திருநெல்வேலியில் காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் அதே காரணத்தால். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு) அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி மேலே எழும். அவற்றின் வழியாக வரும் 250–300 மெகாஹெர்ட்ஸ் அலை நடுங்கிச் சிதறும். அதன் வலு விழுந்தால் நூறில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும், மறு நொடி மீளும். பேச்சு துண்டுதுண்டாக வரும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சூரியப் புள்ளிகள் அதிகமான ஆண்டுகளில் ரொம்ப மோசம். 2024–25 அப்படிப்பட்ட ஆண்டுகளே. இரவு எட்டிலிருந்து நள்ளிரவு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட அட்லாண்டிக்கில் ஓடும் கடற்படைக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. அங்கிருந்து பாடப்புத்தகத்தை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்தினால் மாலை நேரத்தில் கையைச் சுட்டுக்கொள்வோம். கேயு பட்டைக்கு இந்த நடுக்கம் அநேகமாக இல்லை, ஆனால் பருவமழை அதைப் பதம்பார்க்கும். அதனால் பல அலைவரிசை என்று இஸ்ரோ சொன்னதை நான் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அதுதான் குறைந்தபட்சத் தேவை.

விடாக்கண்டன்

இது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். என் சந்தேகம் வேறு: ஒன்றே ஒன்று. ருக்மிணியின் ஆயுள் ஏழு ஆண்டுக்கு மேல் என்றுதான் ஏவும்போது சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு ஓட்டிவிட்டோம். அதற்குள் உதவிக்கு ஒன்றும் போகவில்லை. 2018-இல் ஜிசாட்-7ஏ போனது, அது விமானப்படைக்கு. தரைப்படைக்கான ஜிசாட்-7பி-க்கு 2023 மார்ச்சில் 2,963 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கடற்படை மட்டும் ஒரே நூலில் தொங்கியது.

மேலே போனால் மட்டும் போதாது என்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 மார்ச்சில் ஜிசாட்-6ஏ, இரண்டாவது முறை பாதையை உயர்த்தியபின் தொடர்பு அறுந்தது, அவ்வளவுதான். இந்த ஜனவரியில் வழிகாட்டுச் செயற்கைக்கோள் என்விஎஸ்-02-இல் வால்வு திறக்காமல் பாதையை உயர்த்தவே முடியவில்லை. நேற்றுப் போனதும் எல்விஎம்3-இன் வழக்கமான நான்கு டன் அளவைத் தாண்டியது. அதனால் பாதையின் உச்சிப்புள்ளியை 30,000 கி.மீ. அளவில் குறைத்து விட்டிருக்கிறார்கள். மிச்ச தூரத்தைச் செயற்கைக்கோள் தன் எரிபொருளில் ஏறவேண்டும்.

மெரினா வாசி

அப்படியென்றால் நான் கேட்டதும் இதுதானே? ஆயிரக்கணக்கான சின்னச் செயற்கைக்கோள்கள் என்றால் ஒன்று போனாலும் கவலையில்லை.

அலைவரிசை

ஆயிரக்கணக்கில் இருந்தாலும் சாவி ஒருவர் கையில் என்றால் அதுவும் ஒற்றை நூல்தான். 2022-இல் கிரிமியா பக்கம் உக்ரைன் கடல் ட்ரோன்களை அனுப்பியபோது, அந்தப் பகுதிக்கு ஸ்டார்லிங்க்கைத் திறந்துவிட அதன் முதலாளி மறுத்தார். இந்த ஆண்டு ஜூலை 24-இல் மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் படுத்தது, உக்ரைன் போர்முனை உட்பட. நமக்கென்று சொந்தமாகத் தாழ்பாதைக் கூட்டம் ஒன்று இருந்தால் பேச்சு வேறு. அதுவரை சொந்தமாக ஒன்று, வாடகைக்கு ஒன்று, கையில் பழைய ஹெச்எஃப் என்று மூன்றையும் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

விடாக்கண்டன் சொன்ன "ஒன்றே ஒன்று" குறையை நானும் மறுக்கமாட்டேன். ருக்மிணி கண்ணை மூடுவதற்குள் இது தன் இடத்தில் போய் நின்றாகவேண்டும்.

மார்கோனி

எல்லோரும் மேலேயே பார்க்கிறீர்கள், கீழேயும் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்கா 2012 முதல் 2016 வரை மியூஓஎஸ் என்று ஐந்து செயற்கைக்கோள்களை ஏவியது. 14 மீட்டர் வலை ஆன்டெனா, செல்போன் மாதிரித் தொழில்நுட்பம், பழைய யுஹெச்எஃப்-ஐவிடப் பத்து மடங்கு கொள்ளளவு என்று விளம்பரம். சிசிலியில் நிஷெமி ஊர்க்காரர்கள் தரைநிலையம் வேண்டாம் என்று கொடிபிடித்ததில் அது தாமதமானது ஒருபக்கம். அதைவிடப் பெரிய வேடிக்கை, மேலே எல்லாம் தயார், கீழே புதிய முறையைப் பேசும் ரேடியோப் பெட்டிகள் போதுமான அளவு இல்லை. பல ஆண்டுகள் அந்தப் புதுக் கொள்ளளவில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அவர்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதி வைத்திருக்கிறது.

நமக்கும் அதே கதை வரலாம். போர்க்கப்பலில் ஒரு புது முனையம் (செயற்கைக்கோளோடு பேசும் கருவித்தொகுதி) பொருத்துவது என்றால் கொடிமரத்தில் இடம், கீழே ரேக்கில் இடம், மின்சாரம், குளிரூட்டல், பக்கத்து ரேடாரோடு சண்டை போடாமல் இருக்கிறதா என்ற சோதனை. கப்பல் பெரிய மராமத்துக்குத் துறைக்குள் வரும்போதுதான் இதெல்லாம் முடியும், அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. செய்தித்தாளில் ராக்கெட் படம் வரும், முனையம் பொருத்திய செய்தி வராது.

மெரினா வாசி

அப்போ சிஎம்எஸ்-03-இன் முழுப் பலன் எப்போது கிடைக்கும் என்கிறீர்கள்?

மார்கோனி

புதிதாகக் கட்டும் கப்பல்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும், அவற்றில் இடம் ஒதுக்கியே வரைவார்கள். ருக்மிணிக்கென்று வாங்கிய பெட்டிகள் இதோடும் ஒத்துப்போனால் பழைய கப்பல்களும் முதல் நாளே இதற்கு மாறிவிடும். கூடுதல் வேகம் மட்டும் மராமத்துக்குக் காத்திருக்கும். அடுத்த ட்ரோபெக்ஸ் முடிந்து கடற்படை அறிக்கை விடும்போது எத்தனை கப்பல், எத்தனை விமானம் வலையில் இருந்தன என்று எண்ணிக்கை சொல்கிறார்களா என்று பாருங்கள். 2014-இல் சொன்னார்கள்.